பிரின்சிபால் திரும்பி வருகிறார்

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்னையிலிருந்து ஏஞ்சல். நான் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். பேங்க் பரீட்சைக்கு நான் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பில் ஒரு கூத்து. டெபாசிட் முடிந்ததும் "பிரின்சிபால் வித் இன்ட்ரஸ்ட்" திரும்பி வரும் என்று பாடத்தில் இருந்தது. மணமேல்குடிப் பெண் சத்யபிரியா எழுந்து, "பிரின்சிபால் ஆர்வமாத் திரும்பி வாராரு மிஸ்" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அதையேதான் எழுதியிருந்தார்கள்!

"காலேஜ் பிரின்சிபால் இல்லடி, அசலு. ஆர்வம் இல்ல, வட்டி" என்றேன். அத்தனை முகமும் தெளிந்தது.

வாசலில் நின்ற எங்கள் கோச்சிங் சென்டர் மேனேஜர், "கிளாஸ்ல தமிழ் பேசுனா உங்களுக்கு வேலை இருக்காது" என்றார்.

"புரியாமப் படிச்சா இவங்களுக்கும் வேலை இருக்காது சார்" என்றேன்.

யாராவது சென்னைக்கு வந்தால் ஒரு சின்னச் சட்டி கொடுத்தனுப்புங்கள். இங்கே இருக்கும் பெரிய சட்டியில் ஒருத்திக்கு மட்டும் சமைக்க வரமாட்டேன் என்கிறது.

மணி அடித்துவிட்டது. இன்றைக்கும் தமிழில்தான் சொல்லித்தரப் போகிறேன். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். அந்தப் பிரின்சிபால் மாதிரி, ஆர்வமாக நம் ஆவூருக்குத் திரும்பி வருவேன்.

உங்கள்
ஏஞ்சல்