ரூத்தின் ஆர்மோனியம்

14 மார்ச் 1937, ஞாயிறு

இன்று கோயிலில் ரூத்தின் ஆர்மோனியத்தைக் காணவில்லை. என் மனைவி ரூத் இறந்தபின் அதை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், கிறிஸ்துமஸ் காணிக்கையாக நானே கொடுத்தது. ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கேட்டேன்.

"தொட்டியம் சபைக்கு அனுப்பிட்டேங்க. அங்க பாட்டுக்கு ஒண்ணுமே இல்லாம இருக்காங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா."

அவர் முகம் வாடிவிட்டது. "நீங்க ஆண்டவருக்குக் கொடுத்ததா நினைச்சேன்" என்றார்.

அப்படியே கிளம்பி வந்துவிட்டேன். வீடு வரும்வரை கோபம் ஆறவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஞாயிறுதோறும் நான் முதல் வரிசையில் உட்கார்ந்தது அதன் சத்தத்தைக் கேட்கத்தான். பிரசங்கம் காதில் ஏறியதே இல்லை. கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, அதை இடம் மாற்றி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ரூத் அதற்குத் தைத்த பூப்போட்ட உறையை அப்போது கொடுக்க மனம் வரவில்லை. என் பெட்டியிலேயே இருந்தது. தொட்டியம் ஆற்றங்கரை ஊர். ஈரக்காற்றில் உறை இல்லாவிட்டால் துருத்தி கெட்டுவிடும். மாலையில் உறையை மடித்துக் காகிதத்தில் கட்டினேன். காலை பஸ்ஸில் அங்கே போகும் எங்கள் சபை உபதேசியாரிடம் கொடுக்க வேண்டும்.

இதுவரை இரண்டு முறை பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். இனிப் பிரிக்காமல் படுக்க வேண்டும்.