சேற்றில் எடுக்காமல் விட்ட கல்

அன்பு மகன் உலாயுக்குக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், உன் இருமல் தணிந்து தூக்கம் வருகிறதா? நோயாளிகளை ஏற்றிப்போக விமானம் வந்த அன்று அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டதை உனக்கு எழுதுகிறேன். தங்கை மிட்டிக் ஏன் உன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை என்று கேட்டிருந்தாய். தான் வண்டியைப் பாறையில் ஏற்றிவிட்டதால் விமானம் தவறிவிட்டது என்று அப்பா எழுதச் சொன்னார், நானும் எழுதினேன். அது நிஜமில்லை.

சறுக்குவண்டியின் அடிக்கட்டைகளில் பூச அன்று காலை சேறு பிசைந்தது நான். கல் கிடந்தால் உறைந்த சேறு ஓட்டத்தில் பெயர்ந்துவிடும் என்று எப்போதும்போல் விரலால் துழாவிப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் என்று சொல்லித்தான் உன்னைக் கொண்டுபோனார்கள், மூன்றாகிவிட்டது, மிட்டிக்கும் போனால் என்று நினைத்தபோது கட்டைவிரலில் ஒரு கல் தட்டியது. எடுக்கவில்லை. பிறகு தட்டிய எதையும் எடுக்கவில்லை. பூசியதும் நான்தான். அப்பா வாயில் தண்ணீர் வைத்துத் துப்பி, கரடித்தோலால் தேய்த்துப் பனிக்கட்டியாக்கினார், உள்ளே இருப்பது தெரியவில்லை.

என் அம்மாவின் பெயரை மிட்டிக்குக்கு வைத்ததிலிருந்து நடக்கும் கேலி, விமானம் இறங்கும் இடத்துக்குப் போகும் வழியெல்லாம் நடந்தது. “அத்தை, கெட்டியாப் பிடிச்சுக்குங்க, விழுந்தா உங்க மக என்னைத் தின்னுடுவா” என்று அப்பா சொல்ல, தோல் போர்வைக்குள்ளிருந்து அவள் “மாப்பிள்ளை, உங்க நாயும் உங்கள மாதிரியே சோம்பேறி” என்று இருமிக்கொண்டே சிரித்தாள். பாதி வழியில், மேடும் பள்ளமுமான பனியில் சேறு கை நீளத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி அந்த இடத்தை அடைக்கலாம் என்றார் அப்பா. அடுப்பை நான் மெதுவாகப் பற்றவைத்தேன். கஞ்சி உறைவதற்குள் விமானம் எங்கள் தலைக்கு மேலே தெற்கே போயிற்று. “என் கண்ணுதான் மங்கிப்போச்சு, பாறையைப் பாக்கல” என்று அவர் அழுதார். இப்போது நாய்களைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டார், இனி வண்டி ஓட்ட மாட்டாராம். இந்தக் கடிதத்தை அனுப்பியதும் அவரிடம் சொல்லிவிடுவேன்.

மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்காதே, டாக்டர் சொல்லும்வரை படுக்கையைவிட்டு எழாதே. என்மேல் கோபம் வந்தால் அதையும் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. நீ நல்லபடியாக எழுந்து நடந்து வீடு வந்து சேர வேண்டும், அது ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த விமானம் வர ஏழு வாரம் ஆயிற்று. அதற்கு நான்கு நாள் முன்னால் மிட்டிக் இறந்தாள்.

உன் அம்மா,
அலாசுவா