வடக்கு வேர்

செப்டம்பர் 3, புதன்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு மல்லிகா, "டீச்சரம்மா, உங்க வெள்ளெருக்கு வேணும், புள்ளையாருக்கு" என்றாள். மாலை கட்டப் பூக் கேட்கிறாள் என்று நினைத்து, "எவ்ளோ வேணுமோ எடுத்துக்கம்மா" என்றேன். இன்று ஆசாரியோடு வந்து நிற்கிறாள். அவள் கேட்டது வேர். மகனுடைய புது வீட்டுக்கு அதில் பிள்ளையார் செதுக்க வேண்டுமாம்.

"வடக்கால போற வேருதாம்மா விசேஷம். வெள்ளிக்கிழமை தோண்டிடலாம்" என்றார் ஆசாரி. செடி தாங்குமா என்று கேட்டேன். "வேரே போனா செடி எங்கம்மா நிக்கும்?"

வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடட்டும் என்று ஓய்வு பெற்ற வருடம் வைத்த செடி. இப்போது இலையெல்லாம் வரிவரியான புழுக்கள். "பரீட்சை எழுதிகினு இருக்கிற பசங்கள பாதியில எழுப்பலாமா மல்லிகா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"பெயிலானா மறுபடி எழுதட்டும் டீச்சர்!" சிரித்துக்கொண்டே தண்டில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனாள்.

சர்ச்சுக்குப் போகிற நான் பிள்ளையாருக்கு மறுத்தால் தெரு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளும். மல்லிகாவும் அப்படி நினைத்துவிட்டால்? எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வருகிறவள் அவள்.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றப் போனேன். ஒரு புழு அந்த மஞ்சள் கயிற்றிலேயே தலைகீழாகத் தொங்குகிறது. கூடாகப் போகிறது. அது பறக்கப் பத்து நாளாவது ஆகும். இன்றைக்கும் வெள்ளிக்கும் நடுவில் இருப்பது வியாழன் மட்டும்.

நாளைக்கு மல்லிகாவைக் கூப்பிட்டுக் காட்டலாம். காட்டிவிட்டு என்ன சொல்வது? எடுத்துக்கொள் என்றவள் நான்தானே.