வலப்பக்கம் விழுந்த வரி

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நலமாயிருக்கிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா? போன வாரம் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் நீராவி பட்டு விரல்கள் கொப்புளித்தன, ஆறிவிட்டது, பயப்படாதீர்கள். அன்று பேனா பிடிக்க முடியாமல், என் ஜெப நோட்டில் வேண்டுதல் எழுதும் இடப்பக்கம் ஐந்தாம் முறையாக, "பெரியவள் பிரசவத்துக்கு லீவு" என்று எழுதும்படி அறைத்தோழியிடம் சொன்னேன். பதில் எழுதும் வலப்பக்கம் நான்கு மாதமாக வெறுமை. அவளோ அங்கே, "அஞ்சு விரலும் தப்பிச்சது" என்று எழுதிவிட்டாள்.

"இதை நான் கேக்கவே இல்லையேடி!" என்று எரிந்து விழுந்தேன்.

"கேக்காம குடுத்ததை வரவு வைக்க மாட்டீங்களாக்கா?"

ஆண்டவரோடு எனக்கு மனத்தாங்கல் தீரவில்லை. ஆனாலும் அந்த வரியை அடிக்கவில்லை. லீவையும் விடவில்லை, ஆறாம் முறை நானே எழுதியிருக்கிறேன். நீங்கள் காலையில் வேதம் வாசிப்பதை, இருமலோடு அப்படியே பதிவுசெய்து அனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்களவள்