நான் அடித்த ஆறு பக்கங்கள்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், ஏதாவது வேண்டும் என்றால்தானே உனக்கு எங்களுக்கு எழுதத் தோன்றும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, உன் தம்பி மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டான், அவனுக்காக இன்னொரு வரி எழுதுவது வீண். உனக்குக் கீழே நான்கு பேர் எழுதுகிறார்கள், அவர்கள் எழுதுவதில் உள்ள குறையை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். இதை என்னிடம் போய்க் கேட்கிறாயே, உன் அப்பாவை நீ அவ்வளவுதான் தெரிந்து வைத்திருக்கிறாய்.

என் எதிர் மேசைக்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை என்னோடு சேர்ந்து எழுதியவர். எதையும் நீட்டி எழுதுவதால் நான்தான் அவருக்கு நீட்டல் என்று பெயர் வைத்தேன், ஆபீஸ் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. பத்தொன்பது வருஷம் அவர் எழுதியதை நானும் நான் எழுதியதை அவரும் பார்த்துக் கொடுப்போம். வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளட்டும் என்று அவர் பென்சிலால்தான் குறிப்பார், ஓரத்தில் பொடி எழுத்தில், "இங்க எத்தனை வேளைன்னு சொல்லிட்டா நல்லா இருக்குமா சார்" என்று. நான் சிவப்பு மையில் குப்பை என்று எழுதுவேன். ஒருமுறை அவர் தாளை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டிச் சிரிக்கவைத்தேன். அவரும் சிரித்தார்.

தான் ஓய்வு பெறும் நாளில் பேசுவதற்கு ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்து, "நீங்க ஒரு தடவ பாத்துட்டா எனக்கு தைரியமா இருக்கும்" என்றார். மனைவி இறந்தது, அந்த மாதம் அவர் வேலையையும் சேர்த்து நான் செய்தது, இதுவே மூன்று பக்கம். எல்லாவற்றையும் அடித்தேன், மனைவி பெயருக்குப் பக்கத்தில் தேவையில்லை என்று எழுதினேன். மிஞ்சியது நாலு வரி. மேடையேறி அந்த நாலு வரியைத்தான் படித்தார், முடித்துவிட்டார் என்றே யாருக்கும் புரியவில்லை, கைதட்டக்கூட மறந்துவிட்டார்கள். முன்வரிசையில் அவர் மகள், உன் வயதுதான், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காபி குடித்தேன்.

அதற்குப் பிறகு நான் எழுதிய முதல் தாளே திரும்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. என்னைவிட இருபது வயது சின்னவரான மேலாளர், "இத்தன நாள் உங்ககிட்டேருந்து இப்படி வந்ததே இல்லையே சார், யாராவது திருத்திக் குடுத்துட்டிருந்தாங்களா" என்று எல்லாரும் இருக்கும்போதே கேட்டார். மூன்றாவது தாளை எடுத்துக்கொண்டு நீட்டல் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். நடுவில் ஓரிடத்தில் கண் நின்றதைப் பார்த்தேன். யாருப்பா என்று மகள் உள்ளேயிருந்து கேட்டதற்கு ஆபீஸ்ல ஒருத்தர் என்றார். "நல்லா இருக்கு சார், அப்படியே குடுத்துடுங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நாளாக அது என் பையிலேயே கிடக்கிறது. எங்கேயோ தப்பு இருக்கிறது. அது அவருக்குத் தெரியும், எனக்குத்தான் அகப்படவில்லை.

குறையொன்றும் இல்லாமல் நீயும் உன் வீட்டாரும் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய், என்னிடம் கொடுக்கச் சொல்லாதே.

உன் அப்பா