எட்டாம் இடத்துக்கு எத்தனை மீட்டர்

கிவிலம்பி
ஜூன் 6

அன்புள்ள யல்மரிக்கு,

அம்மா எழுதுவது. எழுதுவது என்றால், நான் சொல்லச் சொல்ல உன் தங்கை சைமி எழுதுகிறாள். என் வலது மணிக்கட்டைத் தவிர இந்த வீட்டில் எல்லாமே நலம். போர்ச்சுகல் வெயிலில் நீயும், முக்கியமாக உன் முழங்கையும் நலமாக இருக்க வேண்டும். போன வாரம் படித்துறையில் கம்பளம் துவைக்கும்போது சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்துவிட்டேன். கட்டு மாதக் கடைசியில்தான் பிரிப்பார்கள். கம்பளம் ஏரியில் மிதந்துபோய் அடுத்த வீட்டுப் படகில் சிக்கிக்கொண்டது, அதை மீட்டாயிற்று. சைமி பள்ளியை விட்டு ஒரு வருடம் ஆகிறது, எழுத்தில் பிழை இருந்தால் கேலி செய்யாதே. தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ 'ம்' என்பாய், நானும் 'ம்' என்பேன், அப்புறம் இரண்டு பேரும் வானிலை பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம்.

உன் அட்டை வந்தது. ஜூலை ஈட்டி எறிதல் போட்டியில் பன்னிரண்டாவது இடத்தை, போட்டியை நடத்துகிற கலெர்வோ உனக்காக நடுக்கோடைப் பண்டிகை வரைக்கும் பிடித்து வைத்திருக்கிறார், வந்தால் முதல் எட்டுக்குள் வர முடியுமா, ஒளிக்காமல் சொல் என்று கேட்டிருந்தாய். முதல் மூன்று எறிக்குப் பிறகு எட்டுப் பேர்தான் மேலே எறிவார்கள், மற்ற நான்கு பேரில் ஒருவனாகப் பையைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் நடக்க நேர்ந்தால் அதற்குப் பிறகு ஈட்டியைத் தொடவே மாட்டேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் நான்கு தடவை படித்தேன். சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பெயர் கொடுத்த மற்ற பதினொரு பேரும் ஒரு வாரமாக இங்கே விடுதியில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய ஈட்டிகளை எடை போட்டு, நீளம் பார்த்து, சரியாக இருந்தால் அடையாளத்துக்குச் சாயப் பொட்டு வைப்பது வழக்கம்போல என் வேலை. அவர்களுக்குச் சோறு போடுவது சைமியின் வேலை. இரண்டு பேருக்குள் எல்லாரையும் பார்த்தாகிவிட்டது.

ஊரே செக் நாட்டு ராடிம் பக்கம்தான். ஏப்ரலில் எண்பத்தேழு மீட்டர் எறிந்தவன், கதவில் குனிந்து நுழைகிற உயரம். ஆனால் அவன் கொண்டுவந்த இரண்டு ஈட்டியும் தடித்த மூக்கு. பின்காற்றில் மிதக்கிற ஜாதி. நம் மைதானத்தில் மதியத்துக்கு மேல் ஏரியிலிருந்து முகத்துக்கு நேரே காற்று வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லையா, அல்லது சொல்லியும் கேட்கவில்லையா, எனக்கு அதுதான் புரியவில்லை. கலெர்வோவிடம் கேட்டேன். "அவன் காத்தைப் பாக்குற ஆளா ஐலா? காத்துதான் அவனைப் பாத்து ஒதுங்கும்" என்று சொல்லிவிட்டு, யார் ஜெயிப்பார் என்று சீட்டு எழுதிப் போடுகிற காப்பிக் கடை ஊகப் பெட்டியில் ராடிம் பெயரைத் தானே முதல் ஆளாகப் போட்டுவிட்டார். என் கண் லாட்வியாக்காரர் ஐவார்ஸ் மேல்தான். முப்பத்து நான்கு வயது, இந்த வருடம் எண்பத்திரண்டைத் தாண்டவில்லை. சாப்பிட்டதும் தூங்குகிறார், எழுந்ததும் கரையில் உட்கார்ந்து கொடிக்கம்பத்தையே பார்க்கிறார், நடுநடுவே தண்ணீரில் தட்டைக் கல் வீசுகிறார். சோம்பேறி என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாம் நாள் எடை போடும் கொட்டகைக்கு வந்து, "அம்மா, நாலு மணிக்கு அந்தக் கொடி ஒரு நிமிஷம் தொங்கிப் போவுதே, தினமும் அப்படித்தானா?" என்று கேட்டார். இருபத்தாறு வருடமாக இங்கே ஈட்டி எடை போடுகிறேன், எனக்கு அது தெரியாது. மறுநாள் நானே போய் நின்று பார்த்தேன், காற்று நின்று கொடி தொங்கித்தான் போகிறது. பொட்டு வைக்கிறவள் ஊகப் பெட்டியில் சீட்டுப் போடக் கூடாது, அதனால் உனக்கு மட்டும் சொல்கிறேன், ஐவார்ஸ்தான்.

ஆனால் உனக்கு வேண்டியது முதலிடம் இல்லை, எட்டாவது. எண்பதுக்கு மேல் நிச்சயமாக எறிகிறவர்கள் ஆறு பேர். ஏழாவது ஆளுக்கு எழுபத்தெட்டு. எட்டாவது நம் பக்கத்து ஊர் வில்யாமி, இருபத்திரண்டு வயது, எழுபத்தேழு. அதற்குப் பிறகு எழுபத்தைந்து மீட்டர் எண்பது சென்டிமீட்டரோடு நீ. மற்ற மூன்று பேர் உனக்குக் கீழே. ஆக, நீ ஒன்பதாவது. இதை முந்தாநாள் சைமியிடம் சொல்லி எழுதச் சொன்னேன், அதோடு கடிதம் நின்றது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். என்ன என்று கேட்டேன். நான் விடவில்லை. கடைசியில் மேசையைப் பார்த்துக்கொண்டே, "வில்யாமி பால் ஜாடியை இடது கையால தூக்குறான்மா" என்றாள். அதனாலென்ன என்றேன். "கெட்டியான கறுப்பு ரொட்டியை அறுக்க மாட்டேங்குறான். மெத்து ரொட்டிதான் எடுக்குறான். நாலு நாளா" என்றாள்.

எனக்கு உடனே தராசு நினைவுக்கு வந்தது. ஏனென்றால் திங்கட்கிழமை அவன் தன் ஈட்டியை இடது கையால்தான் என் தராசில் வைத்தான், நான் பார்த்தேன். கை எப்படி இருக்கிறது என்றும் கேட்டேன். "பரவாயில்ல" என்றான். நானும் நல்லது என்று சொல்லிப் பொட்டு வைத்துக் கொடுத்துவிட்டேன். நம் ஊரில் பரவாயில்லை என்று ஒருவர் சொன்ன பிறகு மேலே கேட்பது மரியாதை இல்லை அல்லவா. மூன்று வருடத்துக்கு முன்னால் அதே கொட்டகையில், அதே தராசுக்கு முன்னால், உன்னிடமும் கேட்டேன். நீயும் அதே வார்த்தையைத்தான் சொன்னாய். அன்றைக்கும் உன் சட்டைக்கை முழங்கை வரை இறுக்கமாக இருந்தது எனக்குத் தெரிந்தது. பொட்டு வைத்துக் கொடுத்தேன். இரண்டாவது எறியில் நீ போட்ட சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்டது. அதைப் பற்றி நாம் இதுவரை பேசியதில்லை. தைத்த முழங்கையோடு நீ போர்ச்சுகல் போனாய், நான் பேருந்து நிலையத்தில் வானிலை பேசினேன்.

அதனால் இந்த முறை போய் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று செருப்பை மாட்டினேன். ஒற்றைக் கையால் வாரைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சைமி, "நான் கேட்டுட்டேன்மா" என்றாள். நம் சைமிதான்! கடையில் மாவு கேட்கவும் என்னை அழைத்துப் போகிறவள். தட்டு எடுக்கப் போன இடத்தில் அவன் பக்கத்தில் நின்று, "வலிக்குதா?" என்று கேட்டாளாம். அவன் பரவாயில்லை என்றானாம். இவள் போகவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாளாம். சும்மா நின்றாளாம், அவ்வளவுதான். சூப் ஆறிப்போகிற நேரம் கழித்து அவன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், மே மாதத்திலிருந்து வலி, பயிற்சியாளருக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது. நேற்று மருத்துவரிடம் போனான். கையின் தசைநார் இன்னும் அறுந்துபோகவில்லை, இந்தக் கோடை எறியாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்றார்களாம். இன்று காலை பெயரைத் திரும்ப வாங்கிவிட்டான். ஊரெல்லாம் அவனே சொல்லிவிட்டான், அதனால்தான் எழுதுகிறேன். கலெர்வோ தலையில் கை வைத்துக்கொண்டு, "ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு, இப்ப ரெண்டாச்சு. உம் பிள்ளைக்கு எது வேணும்னு கேட்டுச் சொல்லு, ஜன்னலோரமா, நடுவுலயா?" என்று என்னைக் கிண்டல் செய்கிறார்.

கணக்குப்படி இப்போது நீ எட்டாவது. அந்தக் கணக்கை நம்பி வா என்று நான் சொல்ல மாட்டேன், இன்னொருவன் கை வலியில் கிடைத்த இடம் அது. வராதே என்றும் சொல்ல மாட்டேன். இன்னொரு விஷயம். சைமி மதியம் கொட்டகைக்கு வந்தபோது சவ்னா நீராவிக் குளியலறைக்குப் பின்னால் கிடந்த உன் நீல ஈட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இதை எதற்குக் கொண்டுவந்தாய் என்றதற்கு, "எடை போடுங்க" என்றாள். போட்டேன். எண்ணூற்று மூன்று கிராம். மெல்லிய மூக்கு, ஏரிக்காற்றுக்கு ஏற்றது. பொட்டு வைத்துத் தாங்கியில் நிறுத்தியிருக்கிறேன். விதி உனக்குத் தெரியும், தாங்கியில் நிற்கிற ஈட்டி அன்றைக்கு எல்லாருக்கும் பொது. ஐவார்ஸ் ஏற்கெனவே அதை எடுத்துப் பார்த்து, யாருடையது என்று விசாரித்துவிட்டார். நீ வராவிட்டால் அவர் எறிவார். அதுவும் நல்ல காட்சிதான், நான் வருத்தப்பட மாட்டேன்.

வந்தால் அந்தக் கொட்டகையில் பொட்டு வைக்கும் முன்னால் நான் உன்னை ஒன்று கேட்பேன். அதை இப்போதே கேட்டுவிடுகிறேன், யோசிக்க நேரம் இருக்கட்டும். முழங்கை எப்படி இருக்கிறது? எட்டாவதோ பன்னிரண்டாவதோ, அந்தக் கேள்விக்கு நேரான பதில் இருந்தால் வா. பதிலை எழுதி அனுப்பு, ஒரு பக்கமாவது எழுது. 'பரவாயில்லை' என்ற ஒரே வார்த்தை வந்தால் நானும் சைமியைப் போல நின்றுகொண்டே இருப்பேன், போர்ச்சுகல் வரைக்கும் வந்து நிற்பேன்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள். மீனை மட்டும் தின்றுகொண்டிருக்காதே, உருளைக்கிழங்கும் சாப்பிடு, இங்கே புதுக்கிழங்கு விரல் அளவுக்கு வந்துவிட்டது. உன் கையும் மனதும் இரண்டும் இலேசாக இருக்கட்டும். பண்டிகைக்கு முந்தின நாள் மதியத்துக்குள் கலெர்வோவுக்குப் பதில் தெரிய வேண்டும், மறந்துவிடாதே.

கீழே உள்ள கோணல் எழுத்து என்னுடையது, இடது கையால் போட்டது. எனக்கு வலிக்கிறது, யல்மரி. ராத்திரியில் ரொம்ப வலிக்கிறது. சொல்லிவிட்டேன் பார், இனி உன் முறை.

உன் அம்மா,
ஐலா