உங்கள் நெற்றியில் பொட்டு இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று வீடியோ அழைப்பில் உங்கள் முகம் தெரிந்ததும், நெற்றியில் பொட்டு இல்லாததைத்தான் முதலில் கண்டேன். கேட்டதற்கு, "இப்பதான் முழுகிப்போட்டு வந்தனான்" என்றீர்கள். உங்கள் தலைமுடி காய்ந்திருந்தது.

சுகமாக இருக்கிறீர்களா? முழங்கால் நோ குறைந்ததா? சித்தி வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த நாட்டுக் குளிர் மட்டும்தான்.

ராணுவம் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன காலத்துப் பதிவுகளை அரசாங்கம் திறந்து, குடும்பத்தாருக்குக் காட்டுகிறதாம். நீங்கள் போனீர்களா என்று சித்தி கேட்டபோது, "இன்னும் போகேல்லை" என்று சொல்லி உடனே பேச்சை மாற்றினீர்கள். போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அதில் என்ன இருந்தாலும் சொல்லிவிடுங்கள் அம்மா. தெரியாமல் இருக்க இனி என்னால் முடியாது.

நீங்கள் வைக்கும் குங்குமத்தில் ஒரு டப்பி அனுப்புங்கள். இங்கே வாங்குவது நெற்றியில் நிற்பதில்லை.

இன்று இங்கே கேரம் டவுன்ஸ் என்ற இடத்தில் இருக்கும் கோயிலுக்குப் போனோம். ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கி, "ஆற்ற பேருக்குப் பிள்ளை?" என்று கேட்டார். உயிரோடு இருப்பவர்களின் பெயரைத்தானே அர்ச்சனைக்குச் சொல்ல வேண்டும்? ஐயர் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கெதியாச் சொல்லன், பின்னால சனம் நிக்குது" என்று சித்தி முழங்கையால் இடித்தார்.

"குலேந்திரன், சுவாதி நட்சத்திரம்" என்று அப்பாவின் பெயரை, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உரத்துச் சொன்னேன்.

உங்கள் மகள்,
வதனி